வீரர் என்னும் பட்டம்

போர்க்களத்தில் நின்றவரை வீரரெனப் போற்றுவது எல்லாச் சமுதாயங்களுக்கும் உரிய மரபாகும். அப்பட்டம் அவருடைய செயல்கள் அனைத்திற்கும் காப்பாகுமா? இவ்வினாவிற்கு ஹழ்ரத் காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் வரலாற்றில் நாம் விடை காண்கிறோம்.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) மூத்தா களத்தில் ஸைத், ஜஅஃபர், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் அடுத்தடுத்து ஷஹீதாயினர். கொடியேந்திப் படையைக் காத்தவர் காலித் (ரலி). அன்று அவர்கள் கையில் 9 வாள்கள் முறிந்தன. 'அல்லாஹ்வின் வாள்' எனும் சிறப்பும் வாய்த்தது.

சில திங்களில், மக்கா வெற்றிக்குப் பின், பனூ ஜதீமா குலத்தாரிடம் அவர்கள் அனுப்பப்பெற்றார்கள். அக்குலத்தார் 'அஸ்லம்னா' எனச் செம்மையாகச் சொல்லத் தெரியாமல் 'ஸபஃனா' (மதம் மாறினோம்) என்றனர். அதனை ஏற்காத காலித் (ரலி) சிலரைக் கொன்று, பிறரைச் சிறைபிடித்து, அவரவர் கைதியைக் கொல்லுமாறு படையினர்க்கு ஆணையிட்டார்கள். அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்களும் தோழர்களும் மறுத்துவிட்டனர்.

செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கரங்களை உயர்த்தி, காலித் செய்ததற்குத் தாம் பொறுப்பல்லர் என இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். அலீ (ரலி) அவர்களை அனுப்பி உயிர்களுக்கும் உடைமைகளுக்கும் ஈடு வழங்கினார்கள். நாய் நீரருந்தும் பாத்திரத்திற்கும் ஈடளிக்கப்பட்டதாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார்.

பட்டம் பறிக்கப்படவில்லை, பிழையும் மறைக்கப்படவில்லை. வாள்கள் முறியும்வரை நின்றவரை வீரரென்கிறோம். ஆணையிருந்தும் கைதியைக் கொல்ல மறுத்தவரையும் அப்பெயராலேயே அழைப்பது நம் கடமையன்றோ!