கொல்லிப்பாவையும் கரித்துண்டும்

கொல்லிமலையின் மிகப் புகழ்பெற்ற உருவம் எதுவென்று கேட்டால் சங்க இலக்கியம் படித்தவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: கொல்லிப்பாவை. குறுந்தொகையில் பரணர் அதைத் தெய்வம் மலையில் வரைந்த பாவை என்கிறார். நற்றிணைப் பாட்டு ஒன்றில் அது பூதம் ஆக்கி வைத்த பாவை. புயலடித்தாலும் இடி விழுந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் அதன் வனப்பு குலையாது என்கிறது இன்னொரு பாட்டு. அது ஓவியமா சிற்பமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மலைக்காரர்கள் எட்டுக்கை அம்மன் கோயிலைக் காட்டி, இவள்தான் அவள் என்கிறார்கள்.

ஓவியம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் தமிழ் நிலத்தில் பெயர் தெரிந்த பழைய உருவ ஓவியங்களில் அது ஒன்று. ஆனால் ஒரு கலை மாணவனுக்கு அதனால் பயனில்லை. காற்றும் மழையும் தீண்டாத உருவத்தைப் பார்த்து என்ன கற்க முடியும்? அவனுக்கு வேண்டியது கால் மாற்றி நிற்கிற, முதுகு வளைகிற, பத்து நிமிடத்தில் கொட்டாவி விடுகிற ஆள். அந்த ஆளைத் தேடித்தான் மலையடிவாரப் பிள்ளைகள் சென்னை எழும்பூரின் ஓவியப் பள்ளிக்கு ரயில் ஏறினார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் பி.எம். சீனிவாசன். 1919-ல் நாமக்கல்லில் பிறந்தவர். பின்னாளில் ஆனந்த விகடன் வாசகர்கள் இவரைச் 'சில்பி' என்று அறிந்தார்கள். படம் போடும் கை இருப்பதைக் கண்டு, ஓவியப் பள்ளிக்குப் போ என்று இவரைத் தூண்டியவர் அதே ஊரின் வெ. இராமலிங்கம் பிள்ளை, அதாவது நாமக்கல் கவிஞர். கத்தியின்றி ரத்தமின்றி நடந்த யுத்தத்தைப் பாடியவராகவே பள்ளிப் புத்தகங்கள் அவரை நமக்கு அறிமுகம் செய்தன. அவர் முதலில் ஓவியர் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். மோகனூரில் 1888-ல் பிறந்து, படம் வரைந்தே பிழைத்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கமும் வாங்கியவர். தன் தொழில் எப்படிப்பட்டதென்று தெரிந்த பெரியவர் ஒருவர் ஊர்ப் பையனுக்குச் சொன்ன யோசனை அது. வெறும் ஊக்கமொழி அல்ல.

சென்னை ஓவியப் பள்ளியின் கதை 1850-ல் தொடங்குகிறது. ராணுவ மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் சொந்த முயற்சியில் ஆரம்பித்தார். சில ஆண்டுகளிலேயே அரசு அதை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் இந்த வகைப் பள்ளிகளில் இதுவே முதல். கல்கத்தா, பம்பாய்ப் பள்ளிகள் பிறகு வந்தவை. ஆனால் ஓவியரை உருவாக்குவது அன்று அதன் முதல் வேலையாக இல்லை. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை, செதுக்கு வேலை என்று கைத்தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் இடம் அது. ஓவியப் பாடமென்று இருந்ததும் லண்டன் சவுத் கென்சிங்டனில் வகுத்த முறையின் நிழல். 23 படிகள் கொண்ட அந்த முறையில் மாணவன் முதலில் கோடு இழுக்க வேண்டும், பிறகு அச்சுப்படத்தைப் பார்த்து நகலெடுக்க வேண்டும், அப்புறம் பிளாஸ்டர் பொம்மை. உயிருள்ள மனிதன் எதிரே வந்து உட்காருவதற்குள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

உள்ளூர் மரபிலும் எதிரே ஆள் உட்காருகிற வழக்கம் இல்லை. ஸ்தபதிக்கு அளவு நூலில் இருந்தது. பெரும் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம். மற்றவர்க்கு அவரவர் தகுதிக்கேற்ப ஒன்பது, எட்டு என்று தாளம் இறங்கும். இதைச் சொல்லிவிட்டு, ஐரோப்பிய முறையில் ஆளின் உயரம் ஏழரைத் தலை என்று எதிரே நிறுத்தி, ஒன்று கற்பனை மற்றது உண்மை என்று தீர்ப்பெழுதுபவர்கள் உண்டு. அவசரத் தீர்ப்பு. தாளம் அளப்பது முகத்தை, ஐரோப்பியர் அளப்பது உச்சி முதல் மோவாய்வரை தலை முழுவதையும். அலகு வேறாக இருப்பதால் இரண்டும் தோன்றுவதைவிட நெருக்கமானவை. உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. தாளக் கணக்கில் கூலிக்காரனின் தோளுக்கு இடமில்லை. மூட்டை சுமந்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோளுக்கு நூலில் அங்குலம் கிடையாது.

அந்தத் தோளுக்கு இடம் கொடுத்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-ல் வங்கத்தில் பிறந்து, அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்று, மேற்கத்திய முறையில் உருவம் வரையவும் சிற்பம் செய்யவும் தனியே கற்றவர். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் எதையும் விட்டுவைக்காத மனிதர். 1929-ல் சென்னைப் பள்ளியின் தலைமைக்கு வந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். 1957 வரை இருந்தார். கைத்தொழில் கூடமாக இருந்த இடத்தை ஓவியமும் சிற்பமும் நடக்கும் பள்ளியாக மாற்றினார். எதிரே ஆளை உட்காரவைத்து வரைவது, மாணவர் பேச்சில் 'லைஃப் ஸ்டடி', பாடத்தின் நடுவே வந்தது. மெரினாவில் 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பார்த்தவர்கள் அந்த நான்கு முதுகுகளை மறக்கமாட்டார்கள். பாறையைப் புரட்டும் அந்த உருவங்களுக்கு நின்று கொடுத்தவர்களில் பள்ளியின் இரவுக் காவலாளியும் ஒரு மாணவரும் உண்டு என்று சொல்வார்கள். காவலாளியின் உடம்பு கடற்கரையில் வெண்கலமாக நிற்கிறது! தாள சாத்திரம் கனவிலும் நினைத்திராத பதவி உயர்வு.

இனிக் கரிக்கு வருவோம்.

கரிக்கட்டை மனிதனின் முதல் எழுதுகோல்களில் ஒன்று. பிரான்சின் ஷோவே குகையில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் கரியால் வரைந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஓவியக்கூடங்களில் வில்லோ மரக்குச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கினார்கள். அழிப்பதற்கு ரொட்டியின் உள்சதை. நம் பக்கத்திலும் கரி புதிதல்ல. கலம்காரித் துணி எழுதுகிறவர்கள் புளியங்குச்சியைக் கரியாக்கி அதனால்தான் துணியில் முதல் கோடு போடுகிறார்கள். வெல்லமும் இரும்பும் ஊறிப் புளித்த கருப்புச் சாயத்தை மூங்கில் எழுதுகோலால் தொட்டு அதன்மேல் எழுதுவது அடுத்த கட்டம். அப்புறம் துணியைத் தட்டினால் கரி உதிர்ந்துவிடும். தமிழ்நாட்டில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் இந்த வேலை இருக்கிறது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அங்கே கரிக்கு வந்துபோகும் வேலைதான். சாயம் ஏறியதும் அதன் சுவடே இருக்கக் கூடாது.

நிறமேறாத வெறும் கோட்டுருவத்தையும் ரசிக்கத் தெரிந்த சமூகம்தான் இது. நெடுநல்வாடையில் பிரிவால் வாடி, நகையும் ஒப்பனையும் இல்லாமல் கிடக்கும் அரசியை, வண்ணம் தீட்டாத கோட்டோவியத்துக்கு ஒப்பிடுகிறார் நக்கீரர். இருந்தும் கரிக்கோட்டை முடிந்த படமாகச் சுவரில் மாட்ட நமக்கு வெகுகாலம் ஆயிற்று.

ஓவியக் கல்லூரி வகுப்பறைக்குள் முதலாண்டு மாணவர் கரியோடு படும் பாட்டைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் கூராகச் சீவி, நடிகர் படத்தில் இமைமயிர் வரை எண்ணிப் போட்டுப் பரிசு வாங்கிய பையன்கள்தான் பெரும்பாலும் வந்து சேருகிறார்கள். பலகையில் செய்தித்தாள் காகிதம் கிளிப் போட்டிருக்கும். உட்கார்ந்து வரைய 'டாங்கி' என்ற பெஞ்சு, நின்று வரைய ஈசல். நடுமேடையில் தினக்கூலிக்கு வந்த பெரியவர். பையன் கண்ணிலிருந்து தொடங்குவான். கண், மூக்கு, மீசை. மீசை முடிவதற்குள் நேரம் முடிந்துவிடும். பெரியவர் எழுந்து டீ குடிக்கப் போவார். தாளில் கழுத்தில்லாத ஒரு தலை மட்டும் மிதக்கும்.

கரி அந்தப் பழக்கத்தை முறிக்கிறது. விரல் கனத்துத் துண்டில் இமைமயிர் வராது. மணிக்கட்டால் தேய்த்தால் பொடிதான் உதிரும். தோளிலிருந்து கை வீச வேண்டும். துண்டைப் படுக்கவைத்து இழுத்தால் ஒரே இழுப்பில் முதுகு வந்துவிடும். எந்தக் காலில் ஆளின் எடை நிற்கிறது என்று முதலில் பார், அங்கிருந்து மேலே ஏறு என்பார் ஆசிரியர். கரித்துண்டைக் கைநீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால், தலை எத்தனை முறை உடம்பில் அடங்குகிறது என்று அளப்பது, தொங்கவிட்ட நூல்போலக் கழுத்துக் குழியிலிருந்து குதிகாலுக்கு நேர்கோடு பார்ப்பது எல்லாம் பிறகு பழகும். தவறினால் துணியால் ஒரு தட்டு, கோடு மங்கிவிடும். முழுக்கப் போகாது, மங்கிய கோட்டின்மேலேயே சரியான கோடு விழும், இரண்டும் சேர்ந்து உருவத்துக்கு அசைவு தரும். மாணவருக்குப் பயம் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கறுப்பாகத் தேய்த்த தாளில் பிசையும் ரப்பரை ஒற்றி எடுத்தால் நெற்றியில் வெளிச்சம் விழும். அதை முதன்முதலாகக் கண்ட பிள்ளை அன்று சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்காது.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் ஆளின் அசைவை மட்டும் பிடிக்கும் விரைவுப் பயிற்சியை அமெரிக்க ஆசிரியர் கிமோன் நிக்கோலாய்டஸ் முறைப்படுத்தினார். அவர் இறந்தபின் 1941-ல் வெளிவந்த நூலை உலகெங்கும் ஓவியப் பள்ளிகளில் இன்றும் புரட்டுகிறார்கள். சென்னை மாணவருக்கு இதற்குத் தோதான இடம் அருகிலேயே இருந்தது. சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையங்கள். தூங்கும் பயணி, பெட்டிமேல் சாய்ந்த பாட்டி, சுமைக்கூலி என்று நிற்கவும் சொல்ல வேண்டாத, காசும் கேட்காத ஆட்கள். ரயில் வந்தால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்பதால் கை தானாக வேகம் பிடித்தது.

நாமக்கல் பையன் இந்தப் பள்ளியில்தான் ராய் சௌத்ரியின் பார்வையில் படித்தார். வெளியே வந்ததும் ஆனந்த விகடனில் ஓவியர் மாலியிடம் சேர்ந்தார். 'சில்பி' என்ற பெயரும் மாலி வைத்ததே. 1948-ல் தொடங்கிய 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், கல்லுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார். அவர் கருவி கரியல்ல, பேனாவும் மையும். ஆனால் அந்தப் படங்களைப் பொறுமையாகப் பார்ப்பவருக்கு ஒன்று தெரியும்: தூண் சிற்பத்தின் இடுப்பு ஒடிவில் ஓர் உடம்பின் எடை இருக்கிறது. வெறும் அளவுக் கோட்டால் அது வராது. உயிருள்ள உடம்பைப் பார்த்துப் பழகிய கண் கல்லைப் பார்த்ததால் வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கணிப்பு. புகைப்படக் கருவியை அனுமதிக்காத சன்னதிகளின் மூலவர்களையும் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர், 1983-ல் மறைந்தார்.

மலையின் மறுபக்கமும் சளைத்ததல்ல. கொல்லிமலைக்குக் கிழக்கே, துறையூர் வட்டாரத்துக் கீராம்பூரில் 1938-ல் பிறந்தவர் கே.எம். ஆதிமூலம். ராய் சௌத்ரியின் மாணவரும் பிறகு அதே கல்லூரியின் ஆசிரியருமான எஸ். தனபால் காட்டிய வழியில் அறுபதுகளில் அங்கே படித்தார். 1969-ல், காந்தி நூற்றாண்டில், காந்தியை மட்டுமே நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட மனிதர்களை இன்றும் வாசகர்கள் அடையாளம் சொல்வார்கள். ஏ.பி. சந்தானராஜ், எல். முனுசாமி என்று கோட்டுக்குப் பேர்போன அந்தத் தலைமுறையின் கையெல்லாம் இந்த வகுப்பில் கறுத்த கைதான்.

இன்றைய நிலை சுருக்கமானது. அரசின் கவின்கலைக் கல்லூரிகள் இரண்டு, சென்னையிலும் கும்பகோணத்திலும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி அடையும் செம்மேட்டிலோ வளப்பூர் நாட்டிலோ இருக்கும் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்படியொரு படிப்பு இருப்பதே தெரிய வாய்ப்புக் குறைவு. அடுப்படியில் கரி இருக்கிறது, வீட்டுச் சுவரும் இருக்கிறது, கிறுக்கினால் அடி விழும்.

ஆண்டுதோறும் ஆடி மாதம் செம்மேட்டில், கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரில் அரசு விழா நடத்துகிறது. வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. அந்தப் பந்தல்களுக்கு நடுவே இன்னொரு சிறு பந்தல் போட மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவாகாது. பத்துப் பலகை, கட்டுக் காகிதம், ஒரு கூடை கரித்துண்டு, சென்னையிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்த இரண்டு மாணவர்கள். மிளகு பறிக்கவோ சாமை அறுக்கவோ போகிற ஒருவரை, அன்றைய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, நடுவே உட்காரவைக்கட்டும். பிள்ளைகள் வரையட்டும்.