குளம்படியில் வேட்டை நாய்

குதிரையேறிய மனிதரும் கூட்டமாக ஓடும் நாய்களும் சேர்ந்து ஒரே விலங்கைத் துரத்தும் வேட்டைமுறை ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே ஒழுங்குபெற்றுவிட்டது. அம்முறையில் நாய்க்கு நேர்ந்த ஆபத்து துரத்தப்படும் விலங்கின் பல்லிலும் கொம்பிலும் மட்டும் இருக்கவில்லை, பின்னால் வரும் குதிரையின் குளம்பிலும் இருந்தது. லாடம் அடித்த பின்னங்காலின் ஓர் உதை நாயின் விலா எலும்பை முறிக்கவும், வெளியே காயம் தெரியாமலே மண்ணீரலையோ கல்லீரலையோ கிழிக்கவும் போதுமானது. இங்கிலாந்தின் நரிவேட்டைக் களத்தில் நிலைபெற்ற நடத்தை விதிகளில் பல, மேட்டுக்குடியினரின் வெற்று உபசாரங்களாக வெளியாருக்குத் தோன்றினாலும், உண்மையில் நாயைக் குளம்பிலிருந்து காக்கும் ஏற்பாடுகளே ஆகும்.

இந்த அக்கறையின் விரிவான பழைய சான்று பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலைச்சாரலில் ஃபுவா நாட்டை ஆண்ட கஸ்தோன் ஃபேபுஸ் பிரபு 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலில் கிடைக்கிறது. நாய்க்கொட்டிலின் படுக்கைப் பலகை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அமைய வேண்டும், வைக்கோலை நாள்தோறும் மாற்ற வேண்டும், வெயில் விழும் முற்றத்துக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும், நனைந்து திரும்பும் நாய்கள் குளிர்காய அடுப்பு வேண்டும் என்றெல்லாம் அவர் வகுத்துரைக்கிறார். நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாதபடி இரவிலும் ஒரு சிறுவன் கொட்டிலிலேயே தங்க வேண்டும் என்பதும், அத்தகைய பணிக்கு ஏழு வயதிலேயே பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கலாம் என்பதும் அவர் கருத்து. அந்நூலுக்கு 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் உருவான படப்பிரதி ஒன்றில், பணியாளர்கள் நாயின் வாயைத் திறந்து பார்ப்பதும், பாதத்தைக் கழுவுவதும், புண்ணுக்கு மருந்திடுவதும் ஒரே ஓவியத்துள் தீட்டப்பட்டுள்ளன. நாய்க்குச் செய்யப்பட்ட மருத்துவத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் இடைக்கால ஓவியங்கள் அரிது.

அந்நூலை யார்க் பிரபு எட்வர்டு 1406க்கும் 1413க்கும் இடையில், தம் சொந்தச் சேர்க்கைகளுடன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். காட்டுப்பன்றியின் கோரைப்பல்லால் வயிறு கிழிந்த நாயின் குடல் அறுபடாமல் வெளிவந்திருந்தால் அதைக் கையால் மெல்ல உள்ளே தள்ளி, திறப்பின்மேல் பன்றிக்கொழுப்பின் மெல்லிய துண்டொன்றை வைத்துத் தோலைத் தைக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு தையலையும் தனித்தனியே முடிச்சிட வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் மற்றவை நிற்கும் என்ற இந்தத் தொழில்நுட்பம் இன்றைய அறுவை மருத்துவருக்கும் அந்நியமானதன்று. ஆனால் அதே நூல், வெறிநாய் கடித்த நாய்களைக் கடலுக்குக் கொண்டுசென்று ஒன்பது அலைகள் அவற்றின்மேல் கடந்துபோகச் செய்யும் வழக்கத்தையும் பேசுகிறது. கண்ணால் காணக்கூடிய காயத்தில் கைத்திறன் தேர்ந்திருந்த அக்காலம், காணமுடியாத நோயின்முன் கையற்று நின்றது.

குதிரை நாய்க்கு அன்றாட ஆபத்தாக மாறியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலாகும். லெஸ்டர்ஷயர் வட்டாரத்தில் குவார்ன் நாய்க்கூட்டத்தை 1753 முதல் 1800 வரை நடத்திய ஹியூகோ மெய்னல் வேகமும் மோப்பமும் ஒருங்கே கொண்ட நாய்களை இனப்பெருக்கம் செய்தார். அந்த வேகத்துக்கு ஈடாக வேலிகளைத் தாவிப் பாய்ந்தோடும் இளைஞர் கூட்டம் அவ்வட்டாரத்தில் திரண்டது. அவர்களுக்கு நாயின் வேலையைவிடத் தம் குதிரையின் ஓட்டமே பெரிதாயிற்று. மோப்பம் தவறி நாய்கள் திடீரென நின்று தரையை முகர்ந்து வளைய வரும் கணத்தில், பின்னால் பாய்ந்து வரும் குதிரைகளை நிறுத்த முடியாமல் போவதே களத்தின் மிகக் கொடிய விபத்துக்குக் காரணமாக இருந்தது. நாய்களின்மேல் குதிரையை ஓட்டுவது வேட்டைக்காரன் செய்யத்தகாத குற்றம் என்ற கருத்து இந்தச் சூழலில்தான் கூர்மை பெற்றது.

அதிலிருந்து கிளைத்த விதிகள் எளியவை, ஆனால் கண்டிப்பானவை. குறுகிய பாதையில் நாய்கள் கடந்து செல்லும்போது குதிரையின் தலை நாய்களை நோக்கியும் பின்புறம் வேலியை நோக்கியும் இருக்குமாறு திருப்ப வேண்டும். குதிரை பெரும்பாலும் பின்னங்காலால் உதைப்பதும், தன் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வருவதை உணர்ந்து மருள்வதும் இதற்குக் காரணம். நாய்கள் நெருங்கும் பக்கத்தில் சவுக்கின் வாரைத் தளர்த்தித் தொங்கவிட வேண்டும். அதைக் காணும் நாய் குதிரையின் காலடியை விட்டு விலகி நடக்கும். உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்ட வேண்டும். நாயை உதைத்த குதிரையுடன் வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராயினும், வேட்டைத் தலைவர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் நாய்களைக் கொண்டு நரியைத் துரத்துவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும், சிவப்பு நாடா குதிரையேற்றக் களங்களில் வழக்கொழியவில்லை. இந்த இரக்கம் துரத்தப்பட்ட நரிவரை நீளவில்லை என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விதிகள் மனிதருக்கு என்றால், பயிற்சி நாய்க்கு. பால்குடி மறந்த குட்டிகள் பண்ணை வீடுகளில் வளர்க்கக் கொடுக்கப்பட்டன. அங்கே கோழி, ஆடு, குதிரை ஆகியவற்றின் நடுவே வளர்ந்து, எதன் காலருகே போகக்கூடாது என்பதை அவை தாமே கற்றன. கொட்டிலுக்குத் திரும்பிய பிறகு, இளைய நாயை அனுபவமுள்ள மூத்த நாயுடன் இரட்டைக் கழுத்துப்பட்டையால் பிணைத்துக் குதிரைகளின் பக்கத்தில் நடத்திப் பழக்கினர். வேட்டை நாய்களை இன்றும் ஜோடிக் கணக்கில் எண்ணும் வழக்கத்தில் அந்தப் பட்டையின் நினைவு தங்கியிருக்கிறது. சிதறும் நாய்களைக் கூட்டத்தோடு சேர்க்கும் உதவியாளருக்கு ‘விப்பர்-இன்’ என்று பெயர். நாடாளுமன்றத்தில் கட்சி உறுப்பினர்களை ஒருங்கு திரட்டுபவருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இந்தப் பணியாளரிடமிருந்து வந்ததே. தமிழ்ச் செய்தித்தாள்கள் கொறடா என்று எழுதும் பதவி அது.

காப்பையும் மீறி நேர்ந்த காயங்களைக் கவனிப்பது நெடுங்காலம் கொட்டில் பணியாளரின் கைப்பழக்கமாகவே இருந்தது. வேட்டை முடிந்த மாலையில் ஒவ்வொரு நாயின் பாதத்தையும் மூட்டையும் விரலால் தடவி முள்ளைத் தேடுவது, வெட்டுக்காயத்தை உப்புநீரில் கழுவுவது, முறிந்த காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டுவது ஆகியவை தலைமுறைகளாகக் கைமாறி வந்தன. லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி 1791இல் தோன்றியபோதும் அதன் கவனம் குதிரைமீதே குவிந்திருந்தது. குதிரைக்கு விலையும் படைப்பயனும் இருந்தன, நாய்க்கு அவை இல்லை. டெலபியர் பிளெய்ன் 1817இல் வெளியிட்ட நாய் நோயியல் நூலும், அவருடன் பணியாற்றிய வில்லியம் யூவாட் 1845இல் வெளியிட்ட நூலுமே நாயைத் தனி நோயாளியாக மருத்துவ உலகின்முன் நிறுத்தின. அந்நூற்றாண்டின் இறுதியில் முள்கம்பி வேலி வயல்களில் பரவியபோது, குளம்புக்கும் முள்ளுக்கும் அடுத்தபடியாகக் கிழிகாயம் என்ற புதிய கவலையும் கொட்டிலுக்குள் வந்தது.

இந்த மரபு முழுவதும் ஆங்கிலேய அதிகாரிகளுடன் தமிழ்நாட்டுக்கும் கப்பலேறி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் உதகமண்டலத்திலும் நாய்க்கூட்டங்கள் இயங்கின. நீலகிரியின் புல்வெளிகளில் ஐரோப்பிய நரிக்குப் பதிலாகக் குள்ளநரி துரத்தப்பட்டது. குதிரையை நாயிடமிருந்து விலக்கி நிறுத்தும் விதிகள் இங்கும் செல்லுபடியாயின, ஆனால் அவற்றுக்கு எட்டாத ஆபத்துகள் இங்கே காத்திருந்தன: சமவெளியின் வெப்பம், சோலைக்காட்டின் சிறுத்தை, வெறிநோய், இவை எல்லாவற்றையும்விடச் சிறிதான உண்ணி. சென்னை வேட்டை நாய்களின் இரத்தத்தில் புதிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டதாக டபிள்யூ. எஸ். பாட்டன் என்னும் ஆய்வாளர் 1910இல் அறிவித்தார். பின்னர் அதே ஒட்டுண்ணி அந்நாய்கள் துரத்திய குள்ளநரியின் இரத்தத்திலும் காணப்பட்டது. துரத்தியதும் துரத்தப்பட்டதும் ஒரே நோயைச் சுமந்திருந்தன. பபேசியா கிப்சோனி என்று இன்று அறியப்படும் அந்த ஒட்டுண்ணி, வேட்டைக்கு ஒருநாளும் போகாத வீட்டு நாய்களையும் உண்ணிக் காய்ச்சலில் வீழ்த்திக்கொண்டிருக்கிறது.