பிரித்தானிய நகைச்சுவைக் குழு நிகழ்ச்சிகள்: ஒளிபரப்பு நேரமும் ரசிகர்களின் கவலையும்

ஒரு நடுவர், நான்கைந்து பங்கேற்பாளர்கள், சில கேள்விகள், பெயரளவுக்கு மதிப்பெண்கள். யார் வென்றார் என்பது மறுநாள் எவருக்கும் நினைவிருக்காது. சொன்ன பதிலால் எழுந்த சிரிப்பு மட்டும் நினைவிருக்கும். இவ்வகை நிகழ்ச்சியைப் பிரித்தானியாவில் 'பேனல் ஷோ' என்பர். தமிழில் நகைச்சுவைக் குழு நிகழ்ச்சி எனலாம். இவற்றுக்கு அங்கு நீண்டகால ரசிகர்கள் உண்டு. அந்த ரசிகர்கள் நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றிப் பேசுவது போலவே, அது எந்த அலைவரிசையில், எந்த நாளில், எத்தனை மணிக்கு வருகிறது என்பதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படுகிறார்கள். அற்பமாகத் தோன்றும் இக்கவலைக்கு வரலாற்றுக் காரணங்கள் உள்ளன.

வானொலியில் தொடக்கம்

இவ்வகை நிகழ்ச்சிகள் முதலில் வானொலியில் வளர்ந்தவை. பிபிசி வானொலி நான்கில் 1967 டிசம்பரில் தொடங்கிய 'ஜஸ்ட் எ மினிட்' நிகழ்ச்சியில், தயங்காமலும் சொன்னதையே திரும்பச் சொல்லாமலும் தலைப்பை விட்டு விலகாமலும் ஒரு நிமிடம் பேச வேண்டும். 1977இல் ஜான் லாய்ட் 'த நியூஸ் குவிஸ்' என்ற செய்தி வினாடி வினாவைத் தொடங்கினார். வானொலியில் இவை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தன. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட மாலை என்றால் இந்த நிகழ்ச்சி என்ற பழக்கம் நேயர்களிடம் ஊன்றியது. தொலைக்காட்சி ரசிகர்களின் எதிர்பார்ப்பும் இப்பழக்கத்தின் தொடர்ச்சியே.

அலைவரிசை மாறினால் என்ன மாறும்?

1990 செப்டம்பரில் பிபிசி இரண்டில் 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' தொடங்கியது. வாரச் செய்திகளைக் கிண்டல் செய்யும் இந்நிகழ்ச்சியில் இயன் ஹிஸ்லப், பால் மெர்டன் ஆகியோர் அணித்தலைவர்கள். பிபிசி இரண்டு என்பது புதிய முயற்சிகளுக்கும் சிறுபான்மைச் சுவைக்கும் இடம் தரும் அலைவரிசை. பிபிசி ஒன்றோ குடும்பம் முழுவதும் பார்க்கும் பெரிய அலைவரிசை.

2000 அக்டோபரில் பிபிசி ஒன்றின் ஒன்பது மணிச் செய்தி பத்து மணிக்கு மாற்றப்பட்டது. அதே மாதத்தில் இந்நிகழ்ச்சியும் பிபிசி ஒன்றுக்குச் சென்றது. இது பதவி உயர்வுதான். ஆனாலும் பெரிய கூட்டத்துக்காக நிகழ்ச்சியின் கூர்மை மழுங்கிவிடுமோ என்ற ஐயம் இத்தகைய ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எழுவது வழக்கம். அந்நிகழ்ச்சி பிழைத்துக்கொண்டது; நிலைத்தும் நின்றது.

இந்த ஐயத்துக்கு அடிப்படையான விதி ஒன்றும் உண்டு. பிரித்தானியத் தொலைக்காட்சியில் இரவு 9 மணி ஓர் எல்லைக்கோடு. சிறுவர்களுக்குப் பொருந்தாத சொற்களும் காட்சிகளும் அதற்குப் பிறகே இடம்பெறலாம். எனவே நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று பத்து மணியிலிருந்து எட்டரைக்கு நகர்ந்தால் கடிகாரம் மட்டுமா நகர்கிறது? மேடையில் பேசியவற்றில் ஒரு பகுதி தொகுப்பறையிலேயே வெட்டுப்படும்.

செய்தி சார்ந்த நிகழ்ச்சிக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அது வியாழக்கிழமை பதிவாகி வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாவது. தள்ளிப்போட்டால் பழையதாகிவிடும். 2019 மே 10 அன்று ஒளிபரப்பாக வேண்டிய பகுதியைப் பிபிசி அன்றே நிறுத்திவைத்தது. சேஞ்ச் யூகே கட்சியின் அப்போதைய தலைவர் ஹெய்டி ஆலன் அதில் விருந்தினர். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் இரு வாரத்துக்குள் வரவிருந்தது. தேர்தல் காலத்தில் நடுநிலை காப்பது பிபிசியின் கடமை என்பதை மறுக்க முடியாது. ஆனால் தொலைக்காட்சி முன் அமர்ந்த ரசிகருக்கு மிஞ்சியது ஏமாற்றமே.

கியூஐ: எழுத்து வரிசையில் ஒரு வாக்குறுதி

ஒளிபரப்பு நேரக் கவலையைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'கியூஐ'. ஜான் லாய்ட் உருவாக்கிய இந்நிகழ்ச்சி 2003 செப்டம்பர் 11 அன்று பிபிசி இரண்டில் தொடங்கியது. ஸ்டீபன் ஃபிரை நடுவர். ஆலன் டேவிஸ் நிரந்தரப் பங்கேற்பாளர். எல்லோரும் நம்பும் தவறான பதிலைச் சொன்னால் சங்கொலி முழங்கும், மதிப்பெண் குறையும். தெரியாத செய்தியைச் சுவையாகச் சொன்னால் மதிப்பெண் கூடும்.

இதன் பருவங்கள் ஆங்கில எழுத்து வரிசையில் அமைந்தவை. முதல் பருவம் 'ஏ', அடுத்தது 'பி' என ஏறத்தாழ ஆண்டுக்கு ஓர் எழுத்து. ஆக, 26 எழுத்தும் முடிய கால் நூற்றாண்டு ஆகும். தொடங்கும்போதே இத்தனை நீண்ட வாக்குறுதியைத் தந்த நிகழ்ச்சிகள் அரிது. அதனால்தான் ஒரு பருவம் தாமதமானாலோ, நடுவில் நின்றாலோ, 'இசட்' வரை போய்ச்சேருமா என்ற கேள்வி ரசிகர்களுக்கு உடனே எழுகிறது.

நேர ஒதுக்கீட்டில் கியூஐ பட்ட அலைச்சலும் குறைவல்ல. முதல் ஐந்து பருவங்களில் புதிய பகுதிகள் பெரும்பாலும் பிபிசி நான்கில் முதலில் வந்து, ஒரு வாரம் கழித்துப் பிபிசி இரண்டில் வந்தன. பிபிசி நான்கு எண்ணிம அலைவரிசை. அதற்கான கருவி வீட்டில் இல்லாதவர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள். ஆறாவதான 'எஃப்' பருவத்தில் நிகழ்ச்சி பிபிசி ஒன்றுக்கு உயர்ந்தது. 2011இல் ஒன்பதாவதான 'ஐ' பருவத்தில் மீண்டும் பிபிசி இரண்டுக்குத் திரும்பியது. இதைத் தாழ்வு என்று வருந்தியவர்களும் உண்டு, சொந்த வீட்டுக்குத் திரும்பியது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

அரை மணியா, முக்கால் மணியா?

'எஃப்' பருவத்துடன் 'எக்ஸ்எல்' என்ற நீண்ட வடிவமும் வந்தது. வழக்கமான பகுதி அரை மணி நேரம். எக்ஸ்எல் முக்கால் மணி நேரம். இரண்டும் ஒரே பதிவிலிருந்து தொகுக்கப்படுபவை. இதனால் ரசிகருக்குப் புதிய சங்கடம் தோன்றியது. முதலில் வரும் சிறிய வடிவத்தைப் பார்த்துவிட்டால், பின்னர் வரும் நீண்ட வடிவத்தில் பெரும்பகுதி பார்த்த நகைச்சுவையாக இருக்கும். காத்திருந்தால், நீண்ட வடிவம் எப்போது வரும் என்ற உறுதி எப்போதும் இல்லை. விளையாட்டுப் போட்டிகளின் நேரடி ஒளிபரப்பு நீண்டால் முதலில் இடம் இழப்பவை இத்தகைய நிகழ்ச்சிகளே.

மறு ஒளிபரப்பின் குழப்பம்

2007இல் தொடங்கிய 'டேவ்' என்ற அலைவரிசை பழைய குழு நிகழ்ச்சிகளை அன்றாடம் மறு ஒளிபரப்புச் செய்தது. பிபிசியில் விளம்பரம் இல்லை, டேவில் உண்டு. எனவே அரை மணி நிகழ்ச்சிக்கு அங்கு நாற்பது நிமிடம் ஒதுக்கப்பட்டது. பழையவை இவ்வளவு தாராளமாகக் கிடைத்ததால் புதியவர்கள் பலர் ரசிகர்களானார்கள். ஆனால் எது புதியது, எது பழையது என்ற தெளிவு குறைந்தது.

கியூஐயில் இது வேடிக்கையான விளைவைத் தந்தது. பூமிக்கு எத்தனை நிலவுகள் என்ற கேள்விக்கு முதல் பருவத்தில் இரண்டு என்றும், அடுத்த பருவத்தில் ஐந்து என்றும் விடை சொல்லப்பட்டது. ஆலன் டேவிஸ் இரண்டு முறையும் மதிப்பெண் இழந்தார். வரிசையாகப் பார்த்தவருக்கு இது நல்ல நகைச்சுவை; வரிசை மாறிப் பார்த்தவருக்கு முரண்பாடு.

கவலையின் வேர்

தவறவிட்டதைப் பிறகு பார்க்கும் வசதி 2007 டிசம்பரில் பிபிசி ஐபிளேயர் மூலம் பரவலானது. ஆயினும் கவலை தீரவில்லை. ஏனெனில் ஒரு பகுதியைத் தவறவிடுவது மட்டும் அவர்களின் அச்சம் அன்று. நேர ஒதுக்கீட்டை நிர்வாகத்தின் மனநிலையைக் காட்டும் நாடியாக அவர்கள் பார்க்கிறார்கள். 1996இல் தொடங்கிய 'நெவர் மைண்ட் த பஸ்காக்ஸ்' 2015இல் பிபிசியால் நிறுத்தப்பட்டது. 2021இல் ஸ்கை நிறுவனம் அதற்கு மறுவாழ்வு தந்தது. 2005இல் தொடங்கிய 'மாக் த வீக்' 2022இல் பிபிசி இரண்டில் முடிவுக்கு வந்தது. நீண்டகால நிகழ்ச்சிகளும் நிலையானவை அல்ல என்பதை ரசிகர்கள் இவ்வாறு கண்டிருக்கிறார்கள்.

கியூஐ இவற்றைக் கடந்து வந்தது. ஃபிரை 'எம்' பருவத்துடன் விலகியபின், 2016இல் 'என்' பருவத்திலிருந்து சாண்டி டாக்ஸ்விக் நடுவரானார். ஆள் மாறியும் எழுத்து வரிசை அறுபடவில்லை. ஆண்டுதோறும் புதிய பருவத்தின் தேதி வெளியாகும்போது ரசிகர்கள் முதலில் நாளையும் மணியையும் பார்ப்பதற்கு இதுவே காரணம்: அடுத்த எழுத்துக்கும் இடம் உண்டு என்ற உறுதியை அவர்கள் அதில் தேடுகிறார்கள்.