தூண்டிலாக வந்த மடல்

அத்தாங்கும் வீச்சுவலையும் அறிந்த மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்குத் தூண்டிலின் இயல்பைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை. இரை தெரியும், முள் தெரியாது. மின்னஞ்சலில் வரும் வஞ்சனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பிஷிங்' என்னும் பெயரும் மீன்பிடித் தொழிலினின்று பிறந்ததே.

அத்தகைய தூண்டிலொன்றின் நூல் நம் தீவு வரை நீண்ட வரலாறு ஒன்றுண்டு. 2015 ஜனவரியில், வேலை வேண்டி ஒருவர் எழுதியதுபோன்ற மின்னஞ்சல் வங்காளதேச மத்திய வங்கி ஊழியர் சிலருக்கு வந்தது. விண்ணப்பதாரரின் தகைமை விவரத்தைக் காண அதிலிருந்த இணைப்பைத் திறக்கவே, கள்ள நிரல் வங்கிக் கணினிகளுள் புகுந்தது. கள்வர் அவசரப்பட்டாரல்லர், ஓராண்டு காத்திருந்தனர். 2016 பெப்ரவரியில், வங்கியே பணித்ததுபோன்ற கட்டளைகள் நியூயோர்க்குக்குச் சென்றன. அங்கிருந்த அதன் கணக்கிலிருந்து 8 கோடியே 10 இலட்சம் டொலர் மணிலாவை அடைந்தது; பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளிலே மறைந்தது.

இலங்கைக்கென அனுப்பிய 2 கோடி டொலரோ தப்பியது. காரணம், கேட்பின் தமிழாசிரியர்கள் மகிழ்வர்: எழுத்துப்பிழை! பெறுநராகக் குறித்த அறக்கட்டளையின் பெயரில் 'பவுண்டேஷன்' என்பதைக் கள்வர் 'பண்டேஷன்' என எழுதிவிட்டனர். இடைநின்ற வங்கியார் ஐயுற்று வினவினர். பணம் மீண்டது.