தழும்பில்லா வயிற்று அறுவையின் வரலாறு

வயிற்றின் வெளிச்சுவரைக் கீறாமல் உள்ளுறுப்புகளை அணுக முடியுமா என்ற வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழமையானது. 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மகளிர் மருத்துவர் திமித்ரி ஓட், யோனியின் பின்சுவரில் சிறு திறப்பை உண்டாக்கி, நெற்றியில் அணிந்த ஆடியால் ஒளியைச் செலுத்தி அடிவயிற்றின் உட்புறத்தைக் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் கியோர்க் கெல்லிங், நாயின் வயிற்றில் காற்றை நிரப்பித் தோல் வழியாக நோக்குகுழாயைச் செலுத்தினார். அடுத்து வந்த அறுவை மருத்துவர்கள் பெரிதும் கெல்லிங்கின் பாதையையே பின்பற்றினர். 1980-இல் குர்ட் செம் குடல்வாலையும் 1985-இல் எரிச் மூஹே பித்தப்பையையும் சிறு துளைகள் வழியே அகற்றியபின், லேப்ராஸ்கோப்பி என்னும் அம்முறை உலகெங்கும் பரவியது.

ஓட் காட்டிய வழிக்கு மறுவாழ்வு தந்தது வளைந்து செல்லும் எண்டோஸ்கோப். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆந்தணி கல்லூவின் குழு, பன்றிகளின் வாய் வழியே அக்கருவியைச் செலுத்தி, இரைப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றறையை அடைந்து, துளையைக் கிளிப்புகளால் மூடிய ஆய்வை 2004-இல் வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஹைதராபாத்தில் ஜி. வி. ராவும் நாகேஸ்வர ரெட்டியும் மனிதரின் குடல்வாலை இரைப்பை வழியே அகற்றினர். அவர்களுடைய முதல் நோயாளிக்கு வயிற்றுத்தோல் கடுமையாக வெந்திருந்ததால், வெளியிலிருந்து கீறுவதே இடராக இருந்தது. இந்த அறுவையின் உண்மையான நியாயம் அங்கேதான் இருக்கிறது. அழகு பற்றிய பேச்சு அதன்பின் சேர்ந்துகொண்டது.

2007 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜாக் மாரஸ்கோவின் குழு ஒரு பெண்ணின் பித்தப்பையை யோனி வழியே அகற்றியது. கோயம்புத்தூரில் சி. பழனிவேலுவின் குழு, அதே வழியில் குடல்வாலை அகற்றிய அனுபவத்தை 2008-இல் வெளியிட்டது. எனினும் தடைகள் கடினமானவை. வளையும் கருவி திசுவை இழுத்துப் பிடிக்கும் வலிமையற்றது. உறுப்புகளைப் பழகாத கோணத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நலமாக இருக்கும் இரைப்பையில் வேண்டுமென்றே இடும் துளை சரியாக மூடாவிட்டால், கசிவால் வயிற்றறை முழுவதும் நஞ்சேறும். வெளித்தழும்பைத் தவிர்ப்பதற்காக அத்தகைய இடரை ஏற்பது முறையன்று என்ற கருத்து வலுப்பெற்றதில் வியப்பில்லை. யோனித் திறப்பை நேரடியாகத் தைத்து மூட முடிவதாலேயே அவ்வழி மற்றவற்றைவிட நிலைபெற்றது.

ஆயினும் அந்த முயற்சிகள் வீணாகவில்லை. உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளராமல் உணவு தேங்கும் அகலேசியா என்னும் நோய்க்கு, 2008-இல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே வாய் வழியே ஒரு சிகிச்சையைத் தொடங்கினார். உட்படலத்தைச் சிறிது திறந்து, அதற்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் அமைத்து, திறப்பிலிருந்து விலகிய இடத்தில் தசை வெட்டப்படுவதால், வெட்டுக்கு மேல் படலம் முழுமையாக மூடியபடி இருக்கும். திறப்பைக் கிளிப்புகளால் அடைத்தால் போதும். கசிவுச் சிக்கலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை இதுவே. போயம் எனப்படும் இச்சிகிச்சை இன்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் வழக்கமாக நடைபெறுகிறது.