மத்தளம்பாறையில் உருவாகும் மென்பொருள்

குற்றாலத்துக்குச் சீசனில் குளிக்கச் செல்லும் நம்மில் பலருக்கு, தென்காசி அருகிலுள்ள மத்தளம்பாறை தெரியாது. 2011 முதல் ஜோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் நடத்தி வருகிறது.

ஸ்ரீதர் வேம்பு கூட்டாளிகளுடன் 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனமே 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறியது. முன்பெல்லாம் கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் மென்பொருளை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு கணினியிலும் ஏற்ற வேண்டும். 2005-இல் வெளிவந்த ஜோஹோ ரைட்டரில், இணையத்தைத் திறந்தாலே எழுதலாம். எழுதியதை வேறு கணினியிலும் எடுத்துத் திருத்தலாம். இம்மாற்றத்தின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. பின்னர் மைக்ரோசாஃப்டும் இவ்வழிக்கு வந்தது.

வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் 'ஜோஹோ டெஸ்க்' மத்தளம்பாறையில்தான் உருவானது. 2019-இல் வேம்புவும் தென்காசிப் பகுதிக்கே குடிவந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு செய்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தரும் பள்ளியையும் இந்நிறுவனம் நடத்துகிறது. எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடாது. ஆனாலும், வட்டிக்குக் கடன் வாங்கிப் பொறியியல் படிக்க வைத்தால்தான் கணினி வேலை என்றும், வெளியூருக்கு அனுப்ப முடியாததால் மகளின் படிப்பு இத்துடன் போதும் என்றும் முடிவெடுக்கும் முன், பக்கத்து ஊரில் என்ன வாய்ப்பு இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பார்ப்போம்.