தினை கவர்ந்த கிளியும் தினை வாங்கிய நாமும்

சென்ற தை மாதம் எம் இளைய மகள் கிளி வாங்கித் தரும்படி கேட்டாள். "கிளி வாங்குவது" என்ற சொற்சேர்க்கை எமக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. நாம் பிறந்து வளர்ந்த குளத்தூரில் கிளியை எவரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. கரிசல் காட்டில் கம்பும் சோளமும் கதிர் முற்றும் பருவத்தில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். பரணில் நின்று கவண் வீசியும் தகரத்தைத் தட்டியும் அவற்றை விரட்டுவோம். பிறகு அதே கிளிகள் மொட்டைப்பனையின் பொந்தில் குஞ்சு பொரித்ததும் மரமேறி எடுத்து வருவோம். எம் வீட்டுக் கிளியும் அவ்வாறு வந்ததே. பறந்துவிடக் கூடாதென்று அதன் இறகை வெட்டியவர்கள் நாமே. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் பூனை பாய்ந்தபோது பறக்க முயன்று கீழே விழுந்தது. அதன்பின் எம் வீட்டில் கிளி வளர்க்கவில்லை.

பகையாக விரட்டுவதும் உறவாக வளர்ப்பதும் ஒரே பறவையைத்தான் என்னும் இந்த முரண் கரிசலுக்கு மட்டும் உரியதன்று. அது நம் இலக்கியத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காக்கும் மகளிர் கையில் தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகள் உண்டு. அவை கிளி கடியும் கருவிகளே. ஆயினும் ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய கிள்ளைப்பத்து கிளியை வாழ்த்துகிறது. காரணம் எளிது. கிளி வந்தால்தான் தலைவி காவலுக்குச் செல்வாள். காவலுக்குச் சென்றால்தான் தலைவனைக் காண்பாள். நற்றிணையில் ஒரு தலைவி, கதிர் கவர வந்த கிளியிடமே, அஞ்சாமல் உண்டுவிட்டு எனக்காகத் தூது செல் என்று வேண்டுகிறாள். பெரும்பாணாற்றுப்படை காட்டும் அந்தணர் இல்லங்களிலோ கிளிகள் மறையோதப் பயில்கின்றன. புனத்துக் கிளி வீட்டுக் கிளியாகிவிட்டது.

இப்பறவையின் புகழ் கடல் கடந்தும் பரவியது. கிறித்துவுக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கிரேக்கரான டெசியாஸ், இந்திய மொழி பேசும் பறவையொன்றைக் குறிப்பிடுகிறார். கி.பி. 79இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் கிளியின் பச்சை உடலையும் செந்நிறக் கழுத்து வளையத்தையும் விவரிக்கிறார். பேசக் கற்பிக்கும்போது அதன் தலையில் இரும்புக் கோலால் அடிப்பார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். பேசும் கிளியைப் பற்றிய வியப்போடு அதன் துன்பமும் அன்றே பதிவாகிவிட்டது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தருகே இருப்பது கிளிக்கூட்டு மண்டபம். ஒருகாலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகள் வளர்க்கப்பட்டதால் வந்த பெயர் அது. இன்று பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

சட்டமும் பின்னர் வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1990-91இல் இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகத்துக்கு விதிக்கப்பட்ட தடையும் நம் பச்சைக்கிளியைச் சந்தையிலிருந்து நீக்கின. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதனை இரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பகுதியில் கிளி சோதிடர் ஒருவரை வனத்துறையினர் பிடித்து, எச்சரித்து விடுவித்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம்.

இவ்வளவும் அறிந்தே மகளை அழைத்துக்கொண்டு கோவில்பட்டிக்குச் சென்றோம். கடைக்காரர் முதலில் குரலைத் தாழ்த்தி, "பச்சைக்கிளிக் குஞ்சு வேணும்னா சொல்லுங்க சார், ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார். எங்கிருந்து வரும் என்பது எமக்குத் தெரியும். வேண்டாம் என்றோம். பிறகு அவர் காட்டியவை நம் ஊரில் எல்லாரும் "லவ் பேர்ட்ஸ்" என்று அழைக்கும் சிறு கிளிகள். உண்மையில் அப்பெயருக்குரிய பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இவையோ ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் வாழும் பட்ஜெரிகர்கள். பறவையியலாளர் ஜான் கூல்டு 1840இல் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். கூண்டிலேயே எளிதில் இனம் பெருக்கியதால் உலகெங்கும் பரவின. காட்டில் பச்சை நிறமே இயல்பு. நீலமும் வெள்ளையும் மனிதர் வளர்ப்பில் தேர்ந்து பெருக்கியவை. ஆஸ்திரேலியா தன் பறவைகளின் ஏற்றுமதியை 1960இல் நிறுத்திவிட்டது. ஆகவே கடையில் நாம் கண்டவை பல தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்தவை.

மூக்கின் மேற்புறம் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று கடைக்காரர் விளக்கினார். ஓர் இணையை வாங்கினோம். முட்டையிட ஒரு மண்கலயமும், சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓடும் கொடுத்தார். இறுதியாக, தீனி என்று ஒரு கிலோ தினையைப் பொட்டலம் கட்டினார். அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கியபோது சற்றுத் தயங்கி நின்றோம். எந்தக் கிளி உண்ணக் கூடாதென்று நம் மகளிர் பகலெல்லாம் காத்தார்களோ, அந்தத் தினையை இன்று நாம் விலை கொடுத்து வாங்கி வேற்று நாட்டுக் கிளிக்கு ஊட்டுகிறோம்.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, திறந்து விட்டா இது அதோட ஊருக்குப் போயிருமா?" போகாது. நம் காட்டில் இரை தேடவும் பருந்துக்குத் தப்பவும் அதற்குத் தெரியாது. எம் இளமைக் காலத்துக் கிளிக்குக் கூண்டைத் திறந்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். நாமோ இறகை வெட்டினோம். இந்தப் பறவைக்குத் திறந்து விடுவதே கொலையாகும். சட்டப்படி நாம் செய்ததில் குற்றமில்லை. ஆயினும் அதற்குத் திரும்பிச் செல்ல ஒரு காடில்லை என்ற எண்ணம் எம்மை விட்டு அகலவில்லை. மறுநாளே தச்சரை அழைத்து, சிறகடித்துப் பறக்க இடமிருக்கும்படி ஆளுயரக் கூண்டொன்று செய்யச் சொன்னோம்.

கோவில்பட்டிக்கு வடமேற்கே திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கரத்தில் நாள்தோறும் ஒரு கிளி அமர்கிறது. அது மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகும் அமைத்து அன்றன்று புதிதாகச் செய்யப்படுவது. பள்ளி விடுமுறையில் மகளை அங்கே அழைத்துச் சென்று அந்தக் கிளியைக் காட்ட எண்ணியிருக்கிறோம். அப்படியே குளத்தூருக்கும் போக வேண்டும். பொந்துள்ள பனைகள் சில இன்னும் நிற்கின்றன.